முதுமையில் தோட்டவேலை: உடலுக்கேற்ற தோட்டம் அமைக்க முழுமையான வழிகாட்டி

அறுபத்தைந்து வயதைத் தொட்டவர்களுக்கான உடலுழைப்பு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் மூன்று அம்சங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பு வேண்டும். இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். மூன்று நாளாவது உடலின் சமநிலையைப் பழக்கும் அசைவுகள் வேண்டும். நடைப்பயிற்சி முதலாவதைத் தரும். மற்ற இரண்டையும் அவ்வளவாகத் தராது. தோட்டம் மூன்றையும் தரும். மண் கிளறும்போதும் பூவாளி தூக்கும்போதும் தசைகள் உழைக்கின்றன. பாத்திகளுக்கிடையே எட்டி, திரும்பி, ஒரு காலில் எடையை மாற்றி நிற்கும்போது சமநிலை பழகுகிறது.

அப்படியிருந்தும் வயதானவர்களிடமிருந்து தோட்டம் இரண்டு வழிகளில் பறிபோகிறது. நாற்பது வயதில் செய்ததைப் போலவே எழுபதிலும் செய்து, விழுந்து, எலும்பு முறிந்து நிறுத்திவிடுவது ஒன்று. விழுந்துவிடுவார் என்ற அச்சத்தில் வீட்டார் எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது மற்றொன்று. அன்பினால் நடப்பதாலேயே இரண்டாவதன் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பயன்படுத்தாத தசை முதுமையில் வேகமாகக் கரைகிறது. கால்தசை கரைந்தவர்தான் நாளை குளியலறையில் விழுகிறார். ஆகவே ஆபத்தை அகற்ற வேண்டும், உழைப்பை விட்டுவைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

படி 1: உங்கள் உடலின் இன்றைய நிலையை அறியுங்கள்

மண்ணைத் தொடுவதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்து பாருங்கள். இரண்டையும் யாராவது அருகில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆண்களுக்கு 12-க்கும் பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால், 75 முதல் 79 வயதில் முறையே 11-க்கும் 10-க்கும் குறைந்தால், கால்வலு போதவில்லை, விழும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள்.

அடுத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் நில்லுங்கள். எதையும் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியவில்லையென்றால் உங்கள் சமநிலை பலவீனமாக இருக்கிறது.

முடிவு மோசமாக வந்தாலும் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. நின்றும் உட்கார்ந்தும் செய்யும் வேலைகளிலிருந்து தொடங்குங்கள். தரையில் மண்டியிடும் வேலை இப்போதைக்கு வேண்டாம். இதே சோதனைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்து குறித்துவையுங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது நல்ல ஊக்கம்.

படி 2: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"தோட்டவேலை செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யலாம், கவனமாக இருங்கள்" என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். குறிப்பாகக் கேளுங்கள்.

முதலில் மருந்துகள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். இதயத்துடிப்பு அதிகம் ஏறாமல் அவை தடுப்பதால், நாடியைப் பார்த்து உழைப்பை அளக்கவும் முடியாது. சில மனச்சோர்வு மருந்துகள் வியர்வையைப் பாதிக்கும். டாக்சிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் வெயில் பட்டால் தோலைச் சிவக்க வைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். அவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது எலும்பும் கண்ணும். எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்து, இடுப்பைத் திருப்பி எடை தூக்கினால் முதுகெலும்புக் கணுக்கள் நசுங்கக்கூடும். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்கள் தலை கீழே தொங்கும்படி நெடுநேரம் குனியக் கூடாது. அப்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை மண்ணிலும் தூசியிலும் இறங்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் மண்டியிடலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிறுவயதில் போட்ட ஊசியின் பாதுகாப்பு வயதாக ஆகத் தேயும். பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி தேவை. மண் படிந்த ஆழமான காயம் ஏற்பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டியிருக்கும்.

படி 3: இடத்தைச் சீர்செய்யுங்கள்

செடிகளைவிடப் பாதைக்கே முதலில் செலவழியுங்கள் என்பது என் உறுதியான கருத்து. முதியவர்களின் வாழ்க்கையை ஒரே நாளில் மாற்றிவிடுவது விழுதல். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி.

பாதை சமமாகவும் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். ஊன்றுகோலுடனும் சக்கர நாற்காலியிலும் போக 90 சென்டிமீட்டர் அகலமாவது தேவை. 120 இருந்தால் நிம்மதி. பாசி பிடித்த கல், தளர்ந்த செங்கல், பாதையின் குறுக்கே கிடக்கும் ரப்பர் குழாய் ஆகிய மூன்றும் ஆபத்தானவை. குழாயைச் சுவரில் சுருட்டி மாட்ட ஒரு கொக்கி போதும். படி இருந்தால் அதன் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் கோடு போடுங்கள். வயதான கண்ணுக்கு உயர வேறுபாடு எளிதில் புலப்படாது. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் போடும் பல குவியக் கண்ணாடி அணிந்தால் இன்னும் கடினம். படியோரம் கைப்பிடியும் வேண்டும்.

தண்ணீர்க் குழாய் செடிகளுக்கு அருகில் இருக்கட்டும். நிழலில் ஓர் இருக்கை போடுங்கள், அதுவும் கைப்பிடி உள்ளதாக. கழிவறை எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். அவசரமாக வந்துவிடுமோ என்ற கவலையில் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். வெயிலில் அது மயக்கத்தில் முடியும். தோட்டம் சிறியதாக இருந்தாலும் வீட்டுக் கதவுக்கு அருகிலேயே இருப்பது நல்லது.

மாடியில் வைக்க நினைப்பவர்கள் எடையைக் கணக்கிட வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஈர மண் நிரம்பினால் 15 கிலோவைத் தாண்டும். கட்டடம் தாங்குமா என்பது முதல் கேள்வி. மண்மூட்டையைப் படியேற்றுவது யார் என்பது இரண்டாவது. படியேற்றும் வேலையை இளையவர்களிடம் ஒப்படையுங்கள்.

படி 4: பாத்தியை உங்கள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்

குனிந்து மண்ணிடம் போவதற்குப் பதில் மண்ணை மேலே கொண்டுவருவதுதான் மேட்டுப்பாத்தி. நாற்காலியிலோ சக்கர நாற்காலியிலோ உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குப் பாத்தியின் உயரம் 60 முதல் 70 சென்டிமீட்டர். நின்றபடி செய்பவர்களுக்கு 75 முதல் 90. முழங்கையை மடக்கிப் பாருங்கள். கை இயல்பாகத் தாழும் இடத்தில் மண்பரப்பு இருக்க வேண்டும்.

உயரத்தைக் கவனிப்பவர்கள்கூட அகலத்தைக் கோட்டைவிடுகிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டக்கூடிய பாத்தி 60 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இருபுறமும் நடக்க வழி இருந்தால் 120 வரை போகலாம். அதற்கு மேல் எட்டும்போது உடலின் எடை முன்னால் சாய்ந்து கால் தடுமாறும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மேசை போல அடியில் முழங்கால் நுழையும் இடம் உள்ள தட்டுப்பாத்தி இன்னும் வசதி. சாதாரணப் பாத்தியில் பக்கவாட்டில் திரும்பி வேலை செய்தால் இடுப்பு நோகும்.

கீரைக்கும் முள்ளங்கிக்கும் 20 சென்டிமீட்டர் ஆழ மண் போதும். தக்காளிக்கு 30-ஆவது வேண்டும். வெறும் தோட்டமண்ணை நிரப்பினால் இறுகிவிடும், எடையும் கூடும். மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் கலந்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். தொட்டிகளைச் சக்கரம் வைத்த பலகைமேல் வைத்தால் தள்ளி நகர்த்தலாம். சக்கரத்தில் பூட்டு இருக்க வேண்டும், இல்லையேல் பிடிமானத்துக்குத் தொட்டியில் கை வைத்தவர் அதோடு சேர்ந்து நகர்ந்து விழுவார்.

படி 5: கருவிகள்

கைமூட்டு வலி உள்ளவர்களுக்கு மெல்லிய கைப்பிடியே எதிரி. சுமார் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்கு ரப்பர் நுரையைச் சுற்றிக் கட்டினால் விரல்களை இறுக்காமலே பிடிக்கலாம். கத்தரியில் பல்சக்கர அமைப்புள்ளதை வாங்குங்கள். தடித்த காம்பைப் படிப்படியாக வெட்டும், ஒரே அழுத்தத்தில் கையை வருத்தாது. மழுங்கிய கத்தரிதான் மணிக்கட்டை அதிகம் நோகடிக்கும். ஆகவே தீட்டிவைப்பதும் உடல்நலக் காரியமே.

பத்து லிட்டர் பூவாளி நிரம்பினால் பத்துக் கிலோ. அதை ஒரு கையில் தூக்கினால் முதுகு ஒருபக்கம் சாயும். மூன்று லிட்டர் பூவாளிகள் இரண்டை இரு கைகளிலும் எடுத்துச் செல்லுங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டு நீர்பாய்ச்சும் வேலையையே நீக்கிவிடச் சிலர் சொல்வார்கள். கோடை நாட்களுக்கும் வெளியூர் போகும் நாட்களுக்கும் அது நல்லது. கையால் ஊற்ற முடிகிறவர் தினமும் கொஞ்சமாவது ஊற்றுவதே நல்லது என்பேன். அந்தத் தூக்குதலும் நடையும்தான் நாம் தேடும் பயிற்சி.

மூங்கில் குச்சி நட்டால் அதன் நுனியில் ஒரு பந்தோ மூடியோ செருகுங்கள். குனிந்து நிமிரும்போது கண்ணில் குத்துவது அடிக்கடி நடக்கும் விபத்து. ஏணி வேண்டவே வேண்டாம். உயரத்தில் உள்ள கிளையை வேறொருவர் வெட்டட்டும்.

படி 6: செடிகளைத் தேர்ந்தெடுங்கள்

சீக்கிரம் பலன் தருவதிலிருந்து தொடங்குங்கள். முள்ளங்கி சில நாட்களிலேயே முளைத்து, வகைக்கேற்ப ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும். கீரையும் ஏறக்குறைய அப்படித்தான். பந்தலில் ஏறும் பீன்ஸும் தக்காளியும் கண்மட்டத்தில் காய்ப்பதால் குனியாமல் பறிக்கலாம். கையை மேலே தூக்குவது தோள்மூட்டு இறுகாமல் இருக்கவும் உதவும். புதினா தொட்டியிலேயே இருக்கட்டும், நிலத்தில் விட்டால் எல்லா இடமும் பரவும். மணமுள்ள செடிகள் ஒன்றிரண்டு அவசியம், பார்வை மங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக.

கடுகைவிடச் சிறிய விதைகளோடு போராட வேண்டாம். மணலில் கலந்து தூவுங்கள், அல்லது நாற்றாக வாங்கி நடுங்கள். நினைவாற்றல் குறைந்தவர் வீட்டில் இருந்தால் அரளி, ஊமத்தை போன்ற நச்சுச்செடிகள் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம்.

படி 7: வேலை செய்யும் முறை

முதல் இரண்டு வாரங்கள் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், வாரத்தில் மூன்று நாள். உடல் ஏற்றுக்கொண்டால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உழைப்பின் அளவை அறிய எளிய வழி உண்டு: வேலை செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் உழைப்பு குறைவு. பேசவே மூச்சு வாங்கினால் மிகை.

வேலைக்கு முன் ஐந்து நிமிடம் பாதையில் நடந்து, தோளையும் மணிக்கட்டையும் சுழற்றி உடலைச் சூடேற்றுங்கள். காலையில் எழுந்தவுடன் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீர் ஏறிப் பருத்திருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து தூக்கும் வேலை வேண்டாம்.

ஒரே அசைவை இருபது நிமிடத்துக்கு மேல் தொடராதீர்கள். களை எடுப்பது, பிறகு நீர் ஊற்றுவது, பிறகு உட்கார்ந்து நாற்று பிரிப்பது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். தோட்டவேலைக்குப் பிறகு வரும் முதுகுவலியில் பெரும்பகுதி, "இந்த ஒரு வரிசையை முடித்துவிடலாம்" என்ற பிடிவாதத்தால் வருவது. காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கு போட்டால் களையே வெகுவாகக் குறையும், மண்ணின் ஈரமும் சீக்கிரம் காயாது.

மண்டியிட்டால் எழும் முறையைப் பழகுங்கள். இருபுறமும் கைப்பிடி உள்ள மண்டியிடும் பலகை கிடைக்கிறது. இல்லாவிட்டால் உறுதியான பெஞ்சை அருகில் வையுங்கள். ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, கைகளால் பெஞ்சை அழுத்தி, மெதுவாக எழுந்து, உடனே நடக்காமல் அரை நிமிடம் நில்லுங்கள். முதுமையில் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் விழுவது சாதாரணம். தலை சுற்றினால் அங்கேயே உட்காருங்கள். இப்படி அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்தின் அளவைப் பரிசீலிக்க வேண்டியிருக்கும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தோட்டத்துக்குப் போகக் கூடாது. சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கைபேசியும் அதே பையில் இருக்க வேண்டும், மேசைமேல் அல்ல.

படி 8: வெயிலும் தண்ணீரும்

வயதாகும்போது தாக உணர்வு மங்குகிறது. உடல் வறண்ட பிறகும் தாகம் எடுக்காது. எனவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் நீர் குடியுங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்து நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் மருத்துவர் சொன்ன அளவே உங்களுக்குச் சட்டம்.

வெப்பமான நாட்களில் காலை பத்து முதல் மாலை நான்கு மணிவரை வெளியே வேலை வேண்டாம். அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை அணியுங்கள்.

அதிக வியர்வை, தலைவலி, குமட்டல், தளர்ச்சி வந்தால் நிழலுக்குப் போய் ஈரத்துணியால் துடைத்து நீர் குடித்து ஓய்வெடுங்கள். பேச்சு குழறினாலோ குழப்பம் வந்தாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு; உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். உடனே அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மார்பில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவையும் ஓய்வெடுத்துப் பார்க்கும் விஷயங்கள் அல்ல. அவசர உதவி தேவை.

படி 9: மண், காயம், மருந்து தெளித்தல்

முதியவர்களின் தோல் மெல்லியது. எளிதில் கிழியும், மெதுவாக ஆறும். கையுறையும் மூடிய காலணியும் எப்போதும் வேண்டும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் காலணிக்குள் கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து அணியுங்கள். வேலை முடிந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெப்ப மண்டலத்தின் ஈரமண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா மெலியோய்டோசிஸ் என்ற கடும் நோயைத் தருகிறது. நீரிழிவு உள்ளவர்களையே அது அதிகம் தாக்குகிறது. மழைக்காலத்தில் காயத்தோடு மண்ணில் இறங்காதீர்கள்.

உரப்பையை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். தூசியோடு லெஜியோனெல்லா போன்ற நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாவும் மூச்சில் போகலாம். முதலில் சற்றே ஈரமாக்குங்கள், முகக்கவசம் அணியுங்கள், முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள். ரோஜா முள் குத்திய இடத்தில் வாரங்கள் கழித்து ஆறாத கட்டி தோன்றி, கையின் மேல்நோக்கிக் கட்டிகள் வரிசையாக வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ரோஜா முள் குத்தியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பூச்சிக்கொல்லி இல்லாமல் வளர்க்கவே முயலுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ மாற்றி வைக்காதீர்கள். மங்கிய பார்வையும் மறதியும் சேர்ந்தால் அது உயிரைக் குடிக்கும்.

படி 10: விளைந்ததை உண்ணும்போது

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் தோட்டத்தில் கீரை கொழித்துவிட்டதே என்று திடீரென அதிகம் உண்ணக் கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை விலக்க வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாக உண்ணுங்கள். சிறுநீரக நோய் முற்றியவர்கள் கீரை, தக்காளியின் பொட்டாசியம் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 11: மனத்துக்கும் சேர்த்து

நெதர்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தம் தரும் பணி ஒன்றைச் செய்தவர்களில் பாதிப்பேர் அரைமணி நேரம் தோட்டவேலை செய்தார்கள், மற்றவர்கள் அரைமணி நேரம் படித்தார்கள். தோட்டவேலை செய்தவர்களுக்கு அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடுதலாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் அறுபது வயதைக் கடந்த 2,805 பேரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் தினமும் தோட்டவேலை செய்தவர்களிடம் மறதிநோயின் அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. மூளை நன்றாக இருந்தவர்களே தோட்டத்தைத் தொடர்ந்திருக்கவும் கூடும். ஆகவே இதை மருந்தாக எண்ண வேண்டாம், நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். என்று விதைத்தேன், என்று முளைத்தது, என்ன தவறியது என்று எழுதுவது நினைவுக்கும் பயிற்சி, அடுத்த பருவத்துக்கும் உதவி. விதையையும் நாற்றையும் அக்கம்பக்கத்தாரோடு மாற்றிக்கொள்ளுங்கள். தனித்து வாழும் முதியவருக்கு, நாற்று கேட்டுக் கதவைத் தட்டும் ஒருவர் தேவை.

படி 12: வலு குறையும்போது

இது வீட்டாருக்கு. ஒரு காலம் வரும். பாத்தி வரை நடக்க முடியாமல் போகலாம். அப்போது தோட்டத்தை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகச் சுருக்குங்கள். முதலில் தரைப்பாத்தியை விட்டுவிட்டு மேட்டுப்பாத்தி. பிறகு வாசலருகே நான்கு தொட்டி. பிறகு வெளிச்சம் வரும் ஜன்னலோரம் ஒரு தட்டு. என்ன விதைப்பது, எப்போது பறிப்பது என்ற முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். நீங்கள் கையாள் மட்டுமே.

மறதிநோய் உள்ளவருக்குப் பாதை வட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர வேண்டும். முட்டுச்சந்தில் நின்றால் அவர் பதறுவார். "செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மொத்தமாகச் சொல்லாமல், நிரப்பிய பூவாளியைக் கையில் கொடுத்து முதல் தொட்டியைக் காட்டுங்கள். கைகள் பல வேளை நினைவைவிட நன்றாக வேலை செய்யும். அவர் ஒரே செடிக்கு இருமுறை ஊற்றினால் திருத்த வேண்டாம். அடியில் துளை பெரிதாக உள்ள தொட்டியாக மாற்றி, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு மடியில் ஒரு தட்டு வைத்து, காய்ந்த பூக்களிலிருந்து விதை பிரிக்கக் கொடுங்கள். கை நடுங்கினால் விளிம்பு உயர்ந்த தட்டு நல்லது, விதை சிந்தாது.